தேர் நிற்கும் இடம்வரை ஆறு போட்ட மண்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், சூலியா தெரு கடலை நோக்கிப் போகையில், பீச் ஸ்திரீட்டைத் தாண்டியதும் பெயர் மாறிக்கொள்கிறது. அதுவரை சூலியா தெரு. அதற்கப்பால் சூலியா ஸ்திரீட் காட். காசியில் உள்ள அதே 'காட்'தான். நாம் படித்துறை என்போம். ஆனால் அங்கே போய் நின்றால் படியும் இல்லை, துறையும் இல்லை. இரண்டு பக்கமும் கட்டடங்கள், வாகனங்கள். கடல் இன்னும் தள்ளியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ கட்டியபோது, பழைய கரை ஊருக்குள் வந்துவிட்டது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

"மாமா, படித்துறைன்னா தண்ணி எங்க?" என்று அக்காள் மகள் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. இங்கே கடலைத் தூர்த்தார்கள், அதற்கும் வெகு முன்னால் கடல் பின்வாங்கி இந்த ஊருக்கே நிலம் வந்தது என்று சொன்னேன். "நிலம் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள்.

இதற்குத் தெருமுனையில் நின்றபடி பதில் சொல்ல எனக்கு மனமில்லை. இந்த மண் எங்கிருந்து புறப்பட்டதோ, அங்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, அக்காள், அவளுடைய இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேரும் தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள தாவரவியல் பூங்காவுக்குப் புறப்பட்டோம். அறுபத்தெட்டு வயது அம்மாவும் ஐந்து வயதுப் பையனும் ஒன்றாக நடக்கக்கூடிய பாதை அது. ஓர் ஆறு மலையைவிட்டு இறங்கி, சமவெளியை உண்டாக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

புறப்படுமுன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1786 ஜூலையில் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய முனைக்கு மலாய்க்காரர்கள் வைத்திருந்த பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா என்பது நம் புன்னை. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலம் வந்தால் கூடவே வரும் மரம். மணலிலும் உப்புக்காற்றிலும் வேர்பிடித்து நிற்கும். புன்னைமுனை என்ற பெயரே அங்கிருந்த மண்ணைச் சொல்லிவிடுகிறது. அந்தத் தாழ்ந்த முனையில் லைட் அமைத்த முதல் நான்கு எல்லைத் தெருக்களில் தெற்கு எல்லையாக இருந்தது இன்றைய சூலியா தெரு. தொடக்கத்தில் மலபார் தெரு என்றும், பிறகு சூலியர் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயராலும் வழங்கியது. அந்தத் தெரு கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர்தான் உயரம்.

அந்தச் சில மீட்டரில்தான் கதை இருக்கிறது. ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன், மலாய்த் தீபகற்பத்தைச் சுற்றிக் கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. பாறைகளில் அலை அரித்த பழைய தடங்களும், இன்றைய அலை எட்டாத உயரத்தில் ஒட்டியிருக்கும் சிப்பிகளும் அதற்குச் சாட்சி. அன்று ஜார்ஜ் டவுனின் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் இருந்திருக்கும். எதிர்க்கரையில், செபராங் பிறையின் குவார் கெப்பாவில், 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்கள் தின்றுபோட்ட சிப்பிகள் மேடுமேடாகக் கிடைத்தன. 2017-இல் அங்கேயே ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் கிடைத்தது. கடற்கரையில் உட்கார்ந்து சிப்பி தின்றவர்கள் அவர்கள். இன்று அந்த இடம் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கடல் இறங்கியது, ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து, விட்டுப்போன இடத்தை நிரப்பின.

10ஆம் எண் பேருந்தில் ஏறினோம். தைப்பூசத்துக்குத் தேர் போவதும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளித் தேரும், குயீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து தங்கத் தேரும், சூலியா தெருவுக்குப் பக்கத்திலிருந்தே புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகின்றன. சிறு வயதிலிருந்து அந்த வெள்ளித் தேரின் பின்னால் நடந்திருக்கிறேன். எத்தனை தேங்காய் உடைந்தது என்று எண்ணியிருக்கிறேனே தவிர, அவ்வளவு பெரிய தேரை அத்தனை தொலைவு இழுத்துப்போக முடிவது எப்படி என்று யோசித்ததில்லை. வழி தட்டையாக இருப்பதால் முடிகிறது. மேடு ஏறுவதே தெரியாத அளவுக்கு மெல்லிய சரிவு. தேர் நிற்கும் இடத்துக்கு அப்பால்தான் பாலதண்டாயுதபாணி கோவிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் தொடங்குகின்றன. படி ஏறுவது கருங்கல் மலையில். தேர் உருண்டு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஆறும் கடலும் போட்ட மண்ணில். மலையடிவாரத்தையும் சமவெளியையும் பிரிக்கும் கோடு அந்த முதல் படிக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "அதான் அங்க வந்ததும் மூச்சு வாங்குது" என்றார்.

நாங்கள் போய் இறங்கிய தாவரவியல் பூங்கா 1884-இல் ஒரு பழைய கருங்கல் குவாரியில் தொடங்கியது. சார்லஸ் கர்ட்டிஸ் அதன் முதல் கண்காணிப்பாளர். மூன்று பக்கமும் மலை. நடுவே தட்டையான தரை. அதன் வழியே ஆயிர் தெர்ஜுன் ஆறு ஓடுகிறது. தாவும் தண்ணீர், அதாவது அருவி என்பதுதான் அந்த மலாய்ப் பெயருக்குப் பொருள். அருவி மேலே நீர் வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் போக முடியாது. பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அது குறையே இல்லை. பார்க்க வேண்டியது கீழே, தட்டைத் தரையில்தான் இருக்கிறது. இந்தப் பூங்காவும், 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலையும், தீவின் வடமேற்கு முனையில் உள்ள தேசியப் பூங்காவும் சேர்ந்த பகுதியை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. நிலமும் கடலுமாக 12,481 ஹெக்டேர்.

ஆற்றோரம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். மேலே, நீர் பாறைகளுக்கிடையே இறங்கும் இடத்தில் நின்று, தரையில் கிடப்பதில் பெரியது எவ்வளவு என்று கையை விரித்துக் காட்ட வேண்டும். பிறகு ஐம்பது தப்படி கீழே நடந்து மறுபடி காட்ட வேண்டும். இப்படியே கீழ்நோக்கி. பையன் முதலில் இரண்டு கையையும் முழுதாக விரித்தான், ஒரு மாட்டின் அளவுக்கு. அடுத்த இடத்தில் பூசணிக்காய். அப்புறம் தேங்காய். பூங்காவின் கீழ்ப்புறத்தில் எலுமிச்சை. ஓரமாகச் சேர்ந்திருந்ததை விரலால் தொட்டு, "சீனி" என்றான்.

ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கு ஆவதில்லை. 64 மடங்கு ஆகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த கணக்கு இது. இதன் மறுபக்கம்தான் சமவெளியை உண்டாக்குகிறது. வேகம் பாதியானால், தூக்கிவந்ததில் பெரியதை எல்லாம் ஆறு அங்கேயே போட்டுவிட வேண்டும். மலைச்சரிவு முடிந்து தரை தட்டையாகும் இடத்தில் வேகம் சட்டென்று குறைகிறது. பெருங்கல் முதலில் நிற்கிறது, பிறகு கூழாங்கல், பிறகு மணல். களிமண் மட்டும் கடைசிவரை கலங்கலாகவே போய், கடலின் உப்பு பட்டதும் துகளோடு துகள் ஒட்டிக் கழிமுகத்தில் படிகிறது. மேலே உள்ள கருங்கல் ஏறக்குறைய 20 கோடி ஆண்டு வயதானது. மழையும் வெப்பமும் அதைத் தின்னும்போது, அதிலுள்ள பெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. படிகக்கல் கரையாமல் மணலாக மிஞ்சுகிறது. பையன் சீனி என்றானே, அது கருங்கல்லின் எலும்பு.

ஆறு நேராகப் போனால் இந்த மண் ஒரே கோட்டில் படிந்திருக்கும். ஆறு நேராகப் போவதில்லை. வளைவின் வெளிப்பக்கம் நீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கிறது. உள்பக்கம் மெதுவாகி மணலை வைக்கிறது. வைத்த மணலால் வளைவு இன்னும் வளைகிறது. ஆண்டுக்கணக்கில் பள்ளத்தாக்கின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஆறு இப்படி நகர்ந்து நகர்ந்து தரையை நிரவுகிறது. பெருமழையில் கரை மீறும்போது, புல்லிலும் வேரிலும் பட்டுத் தயங்கும் தண்ணீர் ஒரு மெல்லிய அடுக்கு வண்டலை விரித்துவிட்டுப் போகிறது. ஆயிரக்கணக்கான தடவை. அந்த அடுக்குகளின் மேல்தான் அம்மா மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.

புத்தகத்தில் இதை வெள்ளச் சமவெளி என்று எழுதுவார்கள். காவிரிக்காரர்களிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: படுகை. ஓடும் தண்ணீருக்கும் கரைமேட்டுக்கும் இடையிலுள்ள நிலம். ஆறு படுக்கும் இடம். எங்கள் பாட்டி திருவையாற்றுப் பக்கம் பிறந்தவர். படுகையில் கொல்லை போடுவார்கள், வாழை வைப்பார்கள், யாரும் வீடு கட்ட மாட்டார்கள் என்று சொல்வார். வெள்ளம் வந்து போனபின் படிந்திருக்கும் புது வண்டலுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். அங்கே வெள்ளம் வருவது தெரிந்துவிடும். குடகில் பெய்த மழை தஞ்சைக்கு வர நாட்கணக்கில் ஆகும்.

பினாங்கில் அந்த அவகாசம் கிடையாது. மலையுச்சிக்கும் கடலுக்கும் இடையே உள்ளது சில கிலோமீட்டர்தான். உச்சியில் பெய்தது சில மணி நேரத்தில் ஊருக்குள் இருக்கும். மலேசியாவில் ஓடைக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற எல்லோரும் அறிய வேண்டிய சொல் 'கெப்பாலா ஆயிர்'. தண்ணீரின் தலை என்று பொருள். நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும். மேலே எங்கோ மழை கொட்டியிருக்கும். ஒரே நீர்ச்சுவராக ஓடையில் இறங்கி வரும். அதற்கு முன் சில அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்குக் கலங்கும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். சத்தம் கனக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இதைப் பயமுறுத்திச் சொல்லத் தேவையில்லை. "தண்ணி நிறம் மாறுதான்னு நீதான் பாத்துச் சொல்லணும்" என்று பையனிடம் காவல் வேலை கொடுத்தேன். அன்று முழுக்க அவன் அதில் கண்ணாக இருந்தான். இன்னொன்று: காலில் புண் இருந்தால் நீரில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரும் ஈரச்சேறும் எலிக்காய்ச்சலைத் தரும். வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆபத்து கூடும்.

குரங்குகளைச் சொல்லாமல் விட்டால் பையன் மன்னிக்க மாட்டான். இங்கே இரண்டு வகை. நீள்வால் குரங்கு பைக்காக வரும். பிளாஸ்டிக் பை சரசரக்காமல் இருந்தால் பாதித் தொல்லை குறையும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள இலைக்குரங்கு மேலே கிளையிலேயே இருக்கும். அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். பசுவைப் போல இதன் வயிற்றிலும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கின்றன. ரொட்டித் துண்டு அந்த நுண்ணுயிர்களின் சமநிலையையே கெடுத்துவிடும். இரக்கத்தால் கொடுப்பது அதற்கு நோய்.

அம்மா நின்றது நாகலிங்க மரத்தடியில். அடிமரத்தைச் சுற்றிப் பூ. நடுவே லிங்கம், மேலே படமெடுத்த நாகம். கீழே விழுந்த ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிவன் கோவில் மரம் என்றே நாம் நினைக்கும் இது தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பிறந்தது. அங்கே ஆற்றோரங்களில் வளரும். படுகை மரம் கடல்கடந்து வந்து, இன்னொரு படுகையில் நின்று, ஒரு தமிழ் மூதாட்டியின் கையில் பூ வைக்கிறது. அதைவிட அழகான தாவரவியல் பாடம் அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தட்டைத் தரை ஒருகாலத்தில் ஏறக்குறையப் போய்விட இருந்தது. 1910-இல் பூங்காவை மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்டத் திட்டம் வந்தது. ஊருக்குத் தண்ணீர் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இந்த அருவி நீர்தான் வாய்க்கால் வழியே ஜார்ஜ் டவுனுக்கு வந்துகொண்டிருந்தது. திட்டம் முழுதாக நிறைவேறவில்லை, பூங்கா பிழைத்தது. அந்தப் பொறியியலாளர்களின் கண் தவறானதல்ல. தண்ணீர் தேங்கத் தோதான இடத்தைத்தான் பார்த்தார்கள். ஆறு அதே காரணத்துக்காக அந்த இடத்தை முன்பே வைத்திருந்தது.

பூங்காவைவிட்டு வெளியேறும் ஆறு வாட்டர்பால் சாலைப் பக்கமாக இறங்கி, ஆயிர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்து, சுங்கை பினாங்கு என்ற பெயரில் நகரைக் கடந்து கடலுக்குப் போகிறது. இரண்டு பக்கமும் காங்கிரீட். வளைய இடமில்லை, படுக்க இடமில்லை. பி. ரம்லி சாலை வட்டாரத்தில் பெருமழைக்கெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வருவது இந்த ஊரில் எல்லோரும் அறிந்தது. 2017 நவம்பர் 4 மாலை தொடங்கிய மழையும் காற்றும் மறுநாள்வரை ஓயவில்லை. ஏழு பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது.

300 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஓர் அடி. கேட்க அற்பமாக இருக்கிறது. சுங்கை பினாங்கின் நீர்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். அது முழுவதிலும் அந்த ஓரடி பெய்தால் 1,500 கோடி லிட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் என்றால் 6,000. காட்டில் இதில் ஒரு பங்கு சருகுமெத்தையிலும் வேர்த்துளைகளிலும் இறங்கி, நாட்கணக்கில் கசிந்து வரும். படுகையில் இன்னொரு பங்கு பரந்து நின்று, தயங்கிப் போகும். தாரிலும் சிமெண்டிலும் தயக்கமே இல்லை. ஒவ்வொரு துளியும் உடனே, ஒரே நேரத்தில், ஒரே வாய்க்காலுக்கு ஓடுகிறது. அந்த நேரம் பார்த்துக் கடலும் ஏறியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கடலேற்றம் பெரிதாக இருக்கும் பெருவேலி நாட்களில் இங்கே கடல் 2 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கழிமுகத்தில் கடல்மட்டம் உயர்ந்து நிற்கும்போது ஆற்று நீருக்குச் சரிவு கிடைக்காது. மேலிருந்து வரும் நீர் வந்துகொண்டே இருக்கும். போக வழி இருக்காது.

நெதர்லாந்தில் 1995-இல் ஆறுகள் பெருகி ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். நூற்றாண்டுக்கணக்காகக் கரையை உயர்த்தியே பழகிய அந்த நாடு, அதன்பின் 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் எதிர்த்திசையில் வேலை செய்தது. நைமேகன் நகரத்தில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். சில குடும்பங்கள் வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வலியையும் சொல்ல வேண்டும். இன்று அங்கே ஒரு கிளையாறும், நடுவே ஒரு தீவும் இருக்கின்றன. கோடையில் குடும்பங்கள் நடக்கப் போகின்றன. வெள்ளக்காலத்தில் ஆறு போகிறது. ஒரே நிலத்துக்கு இரண்டு வாடகைக்காரர்கள்.

ஜார்ஜ் டவுனில் 350 மீட்டர் தள்ள எங்கே இடம் என்று கேட்பார்கள். அவ்வளவும் முடியாது. ஆனால் கொம்தார் கோபுரக் கட்டடத்துக்குப் பக்கத்தில் சியா போயே இருக்கிறது. அங்கே ஓடும் பிராங்கின் கால்வாய் பல காலம் குப்பைச் சாக்கடையாகக் கிடந்தது. 2015-இல் தோண்டியபோது பழைய கருங்கல் கால்வாய்ச் சுவரும் படகுத்துறையும் வெளிப்பட்டன. சுத்தம் செய்து, 2019-இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தார்கள். திரும்பும் வழியில் அங்கே இறங்கினோம். சூலியா தெருவிலிருந்து நடந்தே வரக்கூடிய இடம். கால்வாயில் மீன் இருந்தது, ஓரத்தில் தாவரங்கள் இருந்தன, கைப்பிடிச் சுவரில் ஒரு சிவப்புத் தட்டான் உட்கார்ந்திருந்தது. தட்டானின் பிள்ளைப்பருவம் முழுவதும் தண்ணீருக்கடியில் கழிகிறது. அது பறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உயிர் வாழக்கூடிய நீர் இருக்கிறது என்று பொருள். ஊருக்கு நடுவில் ஒரு சாக்கடையை மறுபடி ஓடையாக்க முடிந்திருக்கிறது. இன்னும் பத்து இடங்களில் ஏன் முடியாது என்று நான் கேட்கிறேன்.

சூலியா தெருவுக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கினோம். அக்காள் பையனுக்குத் தலை துவட்டினாள். பெரியவள் மட்டும் ஓரச் சாக்கடையின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கடைக்கு முன்னால் அந்தச் சாக்கடை வலப்பக்கம் வளைந்தது. கட்டட வேலை மணலும் தெருப்புழுதியும் கலந்த நீர் வேகமாக ஓடியது. வளைவின் உள்பக்கம், ஓர் உள்ளங்கை அளவுக்கு, வெள்ளை மணல் மேடாகச் சேர்ந்துகொண்டிருந்தது. வெளிப்பக்கச் சிமெண்டு அரித்துக் கல் தெரிந்தது.

"மாமா, இங்க வாங்களேன்" என்றாள். "இதுவும் செய்யுது."